17ஆம் பலகையிலிருந்து படத்தை ஏன் எடுத்தீர்கள்?

கண்காட்சி ஏற்பாட்டுக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் ஓவியக் கண்காட்சியின் இரண்டாம் நாள் காலை நான் மண்டபத்துக்குள் வந்தபோது 17ஆம் பலகை காலியாக இருந்தது. படத்தைத் தாங்கியிருந்த கொக்கிகள் இரண்டும் இருந்தன. அடியில் ஒட்டிய பெயர்ச்சீட்டும் இருந்தது. படத்தை வரைந்த பெண், என் மாணவி, அதற்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் அவளுடைய அம்மா. காலை வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு மகள் வரைந்ததைப் பார்க்க வந்தவர். "அக்கா, படம் கீழ விழுந்திருச்சா?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். விழுந்திருக்கும் என்றுதான் அவள் நினைத்தாள். நீங்கள் கழற்றி வைத்துவிட்டீர்கள் என்பதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மூன்று நாள் கழித்து உங்கள் மின்னஞ்சல் வந்தது. பார்வையாளர் சிலரின் மனம் கருதிப் படம் அகற்றப்பட்டது, புரிந்துணர்வுக்கு நன்றி. அவ்வளவுதான். யார் மனம், படத்தில் எது அந்த மனத்தை வருத்தியது, யார் முடிவெடுத்தார்கள் என்ற எதுவும் அதில் இல்லை. நான் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. அதனால் இந்த மடலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் 14 ஆண்டுகளாகக் கணினி விளையாட்டுகளுக்குக் கதைமாந்தர்களையும் விலங்குகளையும் பூதங்களையும் வரைந்து பிழைப்பவள். கடந்த ஐந்து ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலைகளில் ஒரு சமூக மன்ற அறையில் இளையர்களுக்கு மின்னிலக்க ஓவியம் சொல்லித் தருகிறேன். உயர்நிலைப் பள்ளியிலிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிவரை படிக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். உங்கள் கண்காட்சிக்குப் பலகை மாட்டவும் விளக்கைத் திருப்பவும் ஒவ்வோர் ஆண்டும் வந்திருக்கிறேன். இந்த ஆண்டு 'நாயகியும் அரக்கனும்' என்று நீங்கள் தலைப்பு அறிவித்த அன்று என் மாணவர்களைவிட எனக்குத்தான் அதிக மகிழ்ச்சி.

அகற்றிய படத்தைப் பற்றி முதலில் பேச வேண்டும். உங்கள் குழுவில் எத்தனை பேர் அதன் முன் ஐந்து நிமிடம் நின்றீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆகவே விவரமாகவே சொல்கிறேன்.

வற்றிய ஓடை. அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து ஈட்டிகளைப் போல எழுந்து நிற்கின்றன. முழங்கால்வரை சேற்றில் புதைந்து ஒரு பெண். முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கலாம். தடித்த கைகள், அகன்ற தோள், கறுத்த உடம்பு. சேலையை வரிந்து கட்டி இடுப்பில் செருகியிருக்கிறாள். வீச்சுவலையை வீசுவதற்கு ஒரு நொடி முன்னால் உடம்பை முறுக்கி நிற்கிறாள். வலையின் ஈயக்குண்டுகள் காற்றில் ஒரு வளைவாக விரியத் தொடங்குகின்றன. எதிரே சேற்றரக்கன். அவனுடைய பெரிய கையில், இரண்டு விரல்களுக்கு நடுவில், ஒரு குழந்தையின் கொலுசு. அதை நசுக்கிவிடாமல் பிடித்திருக்கிறான். அவள் அவனைப் பார்க்கிறாள், அவன் அவளைப் பார்க்கிறான். படத்தில் வேறு யாரும் இல்லை.

இதை வரைய என் மாணவிக்கு நான்கு மாதம் பிடித்தது. வீட்டில் அண்ணன் விட்டுப்போன பழைய மடிக்கணினி, திரையில்லாத சின்ன வரைபலகை, காசு கொடுக்கத் தேவையில்லாத கிரீட்டா மென்பொருள். இவ்வளவுதான் அவளிடம் இருந்தது. ஐபேடும் புரோகிரியேட் என்ற வரையும் செயலியும் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கையை மேசையிலும் கண்ணைத் திரையிலும் வைத்து வரையப் பழகியவள் அவள். அப்படி வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் மாதத்தில் ஒரு நேர்க்கோடுகூட நேராக வராது.

முதலில் அவள் கொண்டுவந்த அரக்கனுக்குக் கொம்பு இருந்தது, சிறகு இருந்தது, வாயில் தீ இருந்தது. நாங்கள் எட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவளைக் கேட்டோம்: இவன் எங்கே வாழ்கிறான்? என்ன தின்கிறான்? பகலில் எங்கே படுப்பான்? அவளிடம் பதில் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடல் வற்றும் நேரம் பார்த்து எங்களில் நான்கு பேர் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போனோம். சேற்றில் துள்ளி நடக்கும் மீன்களை அங்கே இரண்டு மணி நேரம் வரைந்தோம். அந்த மீனின் கண்கள் தலைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். தோல் ஈரமாக இருக்கும்வரை தண்ணீருக்கு வெளியேயும் அது மூச்சுவிடும். நீர் உடும்பு ஒன்று கரையேறி அசையாமல் கிடந்தது. திரும்பி வந்தவள் கொம்பையும் சிறகையும் தீயையும் தூக்கி எறிந்தாள். மூச்சுவேர்களே விலா எலும்பாகவும், சேற்று மீனின் கண்களே கண்களாகவும், எப்போதும் நனைந்திருக்கும் தோலோடும் புதிய அரக்கன் வந்தான். அவன் இந்த ஊரின் சேற்றில் பிறந்தவன். நீங்கள் கழற்றியது அவனைத்தான்.

இனி நிறத்துக்கு வருகிறேன். கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பு உங்கள் குழுவிலிருந்து அவளுக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. நாயகியின் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, வயிற்றுத் தழும்பை நீக்கி, அரக்கனின் கோரத்தைக் குறைத்துத் தர முடியுமா என்று அதில் கேட்டிருந்தது. இருட்டான படத்தில் முகம் எடுப்பாகத் தெரியவில்லை என்பது காரணம். அந்தச் செய்தியை எனக்குக் காட்டியபோது அவள் அழவில்லை. "அக்கா, வெளுப்பாக்கலாமா, வேணாமா? நீங்க சொல்லுங்க" என்றுதான் கேட்டாள். 17 வயதுப் பெண்ணிடம் அந்தக் கேள்வியை எழுப்பியதற்காக நான் உங்கள்மேல் கோபப்படுகிறேன். அதை மறைக்க விரும்பவில்லை.

முகம் எடுப்பாக இல்லை என்பது நியாயமான விமர்சனம்தான். மூன்றாவது வாரத்தில் எங்கள் மேசையிலும் அதே குறை எழுந்தது. படத்தின்மேல் ஓர் அடுக்கைப் போட்டு நிறத்தையெல்லாம் நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தோம். அவள் முகமும் பின்னாலிருந்த மரமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. அதற்கு மருந்து தோலை வெளுப்பது என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. கறுத்த தோலில் நிழலுக்குக் கறுப்பைக் குழைத்தால் சேறு பூசியதுபோல் ஆகிவிடும். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஓரத்தில் செம்மை கூட வேண்டும். வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் இடங்கள் சிறியவையாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும், அவற்றில் வானத்தின் நிறம் தெரிய வேண்டும். நாயகியின் தோளுக்குப் பின்னால் வெளிறிய பனிமூட்டம் ஒன்றை என் மாணவி இறக்கினாள். ஈரச் சேற்றிலிருந்து எழும் மங்கிய ஒளியைத் தாடைக்கு அடியில் ஏற்றினாள். முகம் பலகையிலிருந்து எழுந்து வந்தது. தோலின் நிறத்தில் ஒரு புள்ளியைக்கூட அவள் மாற்றவில்லை. உங்கள் செய்தி வந்தபோது அந்தக் குறை தீர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அப்படியிருந்தும் வெளுக்கச் சொன்னீர்கள் என்றால், வெளிச்சம் உங்கள் கவலையாக இருந்திருக்க முடியாது. கறுத்த பெண்ணை நாயகி என்று ஏற்க யாரோ ஒருவருக்கு மனம் வரவில்லை. நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் எழுதித் திருத்துங்கள். திருத்தப்படுவதற்காகவே இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறேன்.

வயிற்றுத் தழும்பு அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்ற தழும்பு. அது அவளுடைய அம்மாவின் தழும்பு. அம்மாவிடம் கேட்டுத்தான் வரைந்தாள். கொலுசு யாருடையது, இந்தப் பெண் ஏன் அரக்கனின் ஓடைக்குள் தனியாக இறங்கினாள் என்ற முழுக்கதையும் அந்த ஒரு கோட்டில் இருக்கிறது. அதை அழித்தால் சேற்றில் சண்டைக்கு நிற்கும் யாரோ ஒருத்திதான் மிஞ்சுவாள். இதையெல்லாம் அவள் மரியாதையாக நான்கு வரியில் உங்களுக்கு எழுதினாள், மாற்ற விருப்பமில்லை என்றும் சொன்னாள். அதற்கு நீங்கள் மறுமொழி எழுதவில்லை. முதல் நாள் படம் மாட்டப்பட்டதைப் பார்த்து, தன் விளக்கத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்று நம்பினாள்.

இதே மண்டபத்தில் 4ஆம் பலகையில் இருந்த படத்துக்கு முதல் பரிசு கொடுத்தீர்கள். வரைந்தவர் தேசிய சேவையை முடித்து வந்த இளைஞர். அவருடைய ஒப்புதலோடுதான் இந்தப் பத்தியை எழுதுகிறேன். பனிமலை உச்சியில் வெள்ளி நிற டிராகன். அதன் முன்னால் வாளேந்திய இளம்பெண். இரும்பில் ஒரு மார்புக்கச்சு, இரும்பில் ஓர் இடுப்புப் பட்டை, மற்றபடி வெற்றுடம்பு. உலோகத்தில் பனியின் நீலம் விழும் அழகை அந்தத் தம்பி பிடித்திருக்கும் விதம் அருமை, அவர் வயதில் எனக்கு அது வரவில்லை. ஆனால் அவளுடைய மார்பும் பின்புறமும் ஒரே நேரத்தில் நம் பக்கம் திரும்பும்படி முதுகு முறுகியிருக்கிறது. எலும்புள்ள உடம்பு அப்படித் திரும்பாது. வாளைக் கை நீட்டிப் பிடித்திருக்கிறாள், தோளில் இறுக்கமே இல்லை. டிராகன் அவளைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கிறது. அவளும் நம்மைத்தான் பார்க்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் பகையும் இல்லை, பயமும் இல்லை, பார்ப்பவருக்காக நிற்கிறார்கள்.

குழுவினரே, இந்தப் படம் குடும்பத்தோடு பார்க்கத் தகுந்தது என்று முடிவு செய்தீர்கள். பிள்ளை பெற்ற தழும்போடு சேலையை வரிந்து கட்டிய பெண் தகாதவள் என்று முடிவு செய்தீர்கள். எந்த அளவுகோலால் அளந்தீர்கள்? அவருடைய படத்தையும் எடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். இரண்டும் தொங்கியிருக்க வேண்டும், எதிரெதிரே தொங்கியிருந்தால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாம் பேசியிருக்க வேண்டும்.

அந்தப் பேச்சைத்தான் நீங்கள் இந்த ஆண்டு நிறுத்தினீர்கள். நிகழ்ச்சி நிரலில் சனிக்கிழமை மாலை 'படைப்பாளரோடு விமர்சன அமர்வு' என்று அச்சிட்டிருந்தது. அன்று காலை அது ரத்து என்றார்கள். நேரமில்லை என்று முதலில் ஒருவரும், இளையர் மனம் புண்படும் என்று பிறகு ஒருவரும் எனக்குச் சொன்னார்கள். அந்த நேரத்தில் அதிர்ஷ்டக் குலுக்கல் நடந்தது.

பரிசு வாங்கிய தம்பி மாடிப்படி அருகே என்னிடம் வந்தார். "அக்கா, பரிசு குடுத்தாங்க, சந்தோஷம்தான். ஆனா படத்தைப் பத்தி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லல. அதுக்காகத்தான் லீவு போட்டு வந்தேன்" என்றார். படிக்கட்டிலேயே உட்கார்ந்தோம். முதுகைப் பற்றி நான் சொன்னதும் ஒரு கணம் முகம் வாடியது. பிறகு ஐபேடை எடுத்துப் புதிய அடுக்கைத் திறந்தார். என்னை எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு குடையை வாளாகப் பிடிக்கச் சொல்லி, இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தார். பின்னங்காலைப் பனியில் ஊன்ற வைத்தார். டிராகனின் கழுத்தை அவள் பக்கம் வளைத்தார். அரை மணி நேரத்தில் அந்தப் பெண் உண்மையாகவே சண்டைக்கு நின்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. விமர்சனத்தால் மனம் புண்படும் என்றவர்கள் அந்தப் படிக்கட்டைக் கடந்து போயிருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

எனக்கும் இப்படித்தான் கண் திறந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நான் வரைந்த போர்வீராங்கனையைப் பார்த்து ஒருவர் இடையைக் குறை, மார்பைக் கூட்டு என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, மாற்றினேன். அடுத்த வாரம் மூத்த ஓவியர் ஒருவர், மேலே வரைந்து காட்டட்டுமா என்று அனுமதி கேட்டுவிட்டு என் படத்தின்மேல் ஓர் அடுக்கைப் போட்டார். "இவள் எடை எந்தக் காலில் இருக்கிறது?" என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. அன்று முழுவதும் கண்ணாடி முன் நின்று நின்று பார்த்தேன். முன்னவர் சொன்னதை நான் மறக்க நினைத்தும் மறக்க முடியவில்லை, அது வலித்துக்கொண்டே இருந்தது. பின்னவர் கேட்டதை வைத்துத்தான் இந்த 14 ஆண்டுகளும் சோறு சாப்பிடுகிறேன். இருவரும் என் படத்தில் குறைதான் சொன்னார்கள். ஒருவர் தம் விருப்பத்தைச் சொன்னார், மற்றவர் படத்தைப் பார்த்துப் பேசினார்.

அரக்கன் கோரமாக இருக்கிறான் என்பதற்கு வருகிறேன். சௌத் பிரிட்ஜ் சாலையில் 1827ஆம் ஆண்டு முதல் இருக்கும் மாரியம்மன் கோயிலில் பெரியாச்சி அம்மன் இருக்கிறாள். மடியில் ஒருத்தியைக் கிடத்தி வயிற்றைக் கிழித்து, காலடியில் ஒருவனை மிதித்து, உயர்த்திய கையில் குழந்தையைத் தாங்கியிருப்பவள். பிறந்த குழந்தைக்கு முப்பது நாள் கழிந்ததும் முதலில் அவளிடம் தூக்கிக்கொண்டு போகும் குடும்பங்கள் இந்த ஊரில் எத்தனை! என்னையும் அப்படித் தூக்கிப் போனார்கள். வளர்ந்த பிறகு ஒரு நாள் என் பாட்டி அவள் முன்னால் நின்று, "பயப்படாதே, இவ நம்ம பிள்ளைகளுக்குக் காவல்" என்று சொன்னது நினைவிருக்கிறது. பயமும் பாதுகாப்பும் ஒரே உருவத்தில் இருக்கலாம் என்பதை நான் ஓவிய வகுப்பில் கற்கவில்லை, அங்கே கற்றேன்.

நாயகி அழகாக இருக்க வேண்டும் என்று உங்கள் குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். காரைக்கால் அம்மையார் தம் அழகை வேண்டாம் என்று உதறி, பேய் வடிவைக் கேட்டுப் பெற்றவர். திருவாலங்காட்டுப் பதிகத்தின் தொடக்கத்தில் அவர் காட்டும் பெண்பேயைப் படித்துப் பாருங்கள். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு என்று உறுப்பு உறுப்பாக, ஓவியர் மாதிரியை முன்னால் வைத்துக்கொண்டு வரைவதுபோலச் சொல்லிப் போகிறார். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் அவர் விலா எலும்பு தெரிய உட்கார்ந்து, கையில் தாளத்தோடு, பரவசமாக இருக்கிறார். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியின் கொற்றவை யானைத்தோலைப் போர்த்தி, புலித்தோலை உடுத்தி, எருமைத் தலைமேல் நிற்கிறாள். நாயகியையும் அரக்கனையும் வரைவதற்கு நம் பிள்ளைகள் வேறெங்கும் போய்க் கடன் வாங்க வேண்டியதில்லை என்பதை நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவர்கள் நம்பி வரைந்து கொண்டுவந்தால் நாம் கழற்றி வைக்கிறோம்.

மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையின் படம் எங்கள் அறைச் சுவரில் எப்போதும் ஒட்டியிருக்கும். பல்லவர் காலத்து வேலை. சிங்கத்தின்மேல் அமர்ந்து எட்டுக் கைகளோடு வில்லை வளைத்து முன்னேறுகிறாள் தேவி. எருமைத்தலையும் மனித உடலுமாக மகிடன் கதாயுதத்தைப் பிடித்தபடியே பின்னுக்குச் சாய்கிறான். அவன் தலைக்கு மேல் அரசகுடை இருக்கிறது. சிற்பி அவனைக் கேவலப்படுத்தவில்லை. அவனும் ஓர் அரசன், வலிமையானவன், இன்னும் விழவில்லை. அதனால்தான் அவளுடைய முன்னேற்றத்துக்கு அவ்வளவு கனம். அந்தச் சாய்வைப் பார்த்துத்தான் என் மாணவி தன் சேற்றரக்கனின் முதுகைச் சாய்த்தாள். கோரத்தைக் குறைத்துக் கொடு என்று கேட்டபோது, நாயகியின் வீரத்தையும் சேர்த்துக் குறைக்கச் சொல்கிறோம் என்பது உங்களுக்குத் தோன்றவில்லையா?

ஒரு வேளை அம்மனைப் போல் இருக்கிறாள் என்று யாராவது தயங்கியிருக்கலாம். பல சமயத்தார் சேர்ந்து வாழும் ஊர் இது. அந்தத் தயக்கத்தை நான் எளிதாக எண்ணவில்லை. அந்தப் பெண்ணும் எண்ணவில்லை. சூலம் இல்லை, நெற்றிக்கண் இல்லை, இரண்டு கைக்கு மேல் இல்லை, சிங்கமோ புலியோ இல்லை. வேண்டுமென்றே எல்லாவற்றையும் தவிர்த்து, வலை வீசும் ஒரு மனிதப் பெண்ணை வரைந்தாள். இதுதான் உங்கள் அச்சமாக இருந்தால் முன்பே கேட்டிருக்கலாம், ஒரே நிமிடத்தில் விளக்கியிருப்பாள்.

சின்னப் பிள்ளை ஒன்று படத்தைப் பார்த்து அழுததாக ஒரு பெற்றோர் குறை சொன்னார் என்றும் அறிகிறேன். அந்தப் பிள்ளைக்காக வருந்துகிறேன். அதற்கு வழி இருந்தது. உள்பக்கத்துப் பலகைக்கு மாற்றியிருக்கலாம். நுழைவாயிலில் ஓர் அறிவிப்பு வைத்திருக்கலாம். 1937இல் திறந்த ஹாவ் பார் வில்லா பூங்காவில், பாவிகள் தண்டனை பெறும் பத்து நரக மன்றங்களின் சிலைகளைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. நானும் தொடக்கநிலையில் படிக்கும்போது அங்கே அம்மா கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன், இரவில் தூங்காமலும் இருந்திருக்கிறேன். அடுத்த வாரம் பென்சிலை எடுத்து அந்தப் பூதங்களை வரைந்தேன். வரைந்த பிறகு பயம் போனது.

நீங்கள் தொண்டூழியர்கள். பகலில் வேலை, இரவில் கூட்டம், கையில் சின்ன நிதி. இது எனக்குத் தெரியும், உங்களோடு ஏணி பிடித்து நின்றவள் நான். ஆனாலும் ஒரு படத்தைக் கழற்றும்போது அதன் சொந்தக்காரியைத் தொலைபேசியில் அழைக்க நிதி தேவையில்லை.

நான் கேட்பவை இவை. கண்காட்சி அடுத்த மாதம் நூலகத்துக்குப் போகிறது. அங்கே அந்தப் படம் நிறமோ தழும்போ அரக்கனோ மாறாமல், வரைந்தபடியே தொங்க வேண்டும். சிறுவர் பகுதியிலிருந்து தள்ளி வைக்க விரும்பினால் அவளுக்கும் எனக்கும் மறுப்பில்லை.

எடுத்த முடிவுக்கான காரணத்தை எழுத்தில் அவளுக்குத் தாருங்கள், முடிவெடுத்தவர்கள் அதில் கையொப்பமிடுங்கள். வெளுப்பாக்கச் சொன்ன செய்தியைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். இனி எந்தப் படைப்பாளரிடமும் கதைமாந்தரின் தோல் நிறத்தை மாற்றச் சொல்லிக் கேட்கக்கூடாது. இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

இரத்தம், வெற்றுடம்பு, தெய்வ உருவம் ஆகியவற்றில் உங்கள் வரம்பு எது என்பதைப் படைப்புகளை அழைக்கும்போதே அறிவியுங்கள். வரம்பு கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அதன் பிறகு ஒரு படத்தை அகற்ற நேர்ந்தால், முதலில் வரைந்தவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

விமர்சன அமர்வைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நூலகக் கண்காட்சியின் ஏதாவது ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் போதும். படத்தின் முன் நாற்காலிகளைப் போடுவோம். வரைந்தவர் தாம் எதற்கு முயன்றோம் என்பதை முதலில் சொல்லட்டும், மற்றவர்கள் படத்தில் கண்டதை வைத்து மட்டும் பேசட்டும், யார் படத்தின்மேலும் அனுமதி இல்லாமல் வரைய வேண்டாம். சம்பளம் இல்லாமல் நடத்தித் தர நான் வருகிறேன். 4ஆம் பலகைத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு நடுவர் குழுவில் மின்னிலக்க ஓவியத்தைத் தொழிலாகச் செய்யும் ஒருவராவது இருக்கட்டும். பெண்களும் இருக்கட்டும், இந்த ஆண்டு ஒருவர்கூட இல்லை.

இம்மாத இறுதிக்குள் பதில் வேண்டும். அது என்னிடம் வருவதற்கு முன் அவளிடம் போக வேண்டும். அவளுடைய அம்மா இன்னும் அந்தப் படத்தைச் சுவரில் பார்க்கவில்லை. 17ஆம் பலகையின் பெயர்ச்சீட்டைக் கடைசி நாளில் நான் உரித்து எடுத்து வைத்திருக்கிறேன். நூலகத்தில் படம் மாட்டும் அன்று கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சிக்கு ஐந்து ஆண்டுகள் பலகை மாட்டிய ஓவியர்
சிங்கப்பூர்